ஹெர்மிஸ்: விமானங்களைக் கரையில் விட்டுவிட்டுப் போன விமானந்தாங்கி

நங்கூரம்:
மட்டக்களப்புக் கரையிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் தள்ளி ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கடலடியில் கிடக்கிறது. 1942 ஏப்ரல் 9-ஆம் தேதி ஜப்பானியர்கள் மூழ்கடித்தது. இதுவரை தெரியும். அதைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் 'மூழ்கும்போது அதில் விமானமே இல்லை' என்று ஒரு வரி சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். விமானம் இல்லாமல் ஒரு விமானந்தாங்கி எதற்குக் கடலுக்குப் போனது? இருந்திருந்தால் தப்பியிருக்குமா? அப்புறம், நம் ஐ.என்.எஸ். விராட்டுக்கும் பழைய பெயர் ஹெர்மிஸ்தானே, அதுவும் இதுவும் ஒன்றா?

ராயபுரம் ராஜா:
42-ல் மூழ்கியதைத் தூக்கித் துடைத்து நம்மிடம் விற்றுவிட்டார்களா? :) ஒரு கப்பல் போனால் அந்தப் பெயரை அடுத்த கப்பலுக்கு வைப்பது பிரிட்டிஷ் வழக்கம். விராட் ஆனது 1959-ல் கடற்படையில் சேர்ந்த அடுத்த ஹெர்மிஸ். 1982 ஃபாக்லாந்து போரில் தலைமைக் கப்பலாக இருந்து, 87-ல் நம் கொடி ஏற்றி, 2017-ல் ஓய்வு பெற்று, கடைசியில் குஜராத்தின் அலங்கில் உடைபட்டது.

உங்கள் முதல் கேள்விக்கு: மழை வரும் என்று தெரிந்தே குடையை வீட்டில் வைத்துவிட்டுப் போன கதைதான். ஜப்பான் கப்பற்படை பக்கத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறது, இவர்கள் விமானத்தை இறக்கிவிட்டுக் கிளம்பியிருக்கிறார்கள். 307 பேர் செத்ததற்கு வேறு காரணம் தேட வேண்டுமா?

கப்பல்பித்தன்:
ராஜா, அந்தக் குடையில் துணியே கிடையாது. ஹெர்மிஸ் சுமந்தது 814-ஆம் ஸ்குவாட்ரனின் ஸ்வார்ட்ஃபிஷ் விமானங்கள், ஒரு டஜன். இரட்டை இறக்கை, திறந்த இருக்கை, டார்பிடோ போடவும் நீர்மூழ்கி தேடவும் செய்த விமானம். சண்டை விமானம் ஒன்றுகூட அந்தக் கப்பலில் இல்லை. ஜப்பானின் ஸீரோ சண்டை விமானங்களின் முன்னால் ஸ்வார்ட்ஃபிஷ் பறந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே 'விமானம் இருந்திருந்தால்' என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வைப்போம்.

முதலில் கப்பல் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். விமானந்தாங்கியாகவே வரைபடம் போட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் இது. 1918 ஜனவரியில் டைன் நதிக்கரையில் ஆம்ஸ்ட்ராங் தளத்தில் அடிக்கட்டை வைத்தார்கள், 1919 செப்டம்பரில் நீரில் இறக்கினார்கள். போர் முடிந்துவிட்டதால் அவசரம் போய்விட்டது. மீதி வேலைக்கு டெவன்போர்ட்டுக்கு இழுத்துப் போனார்கள், வரைபடத்தைப் பல முறை மாற்றினார்கள், 1924 பிப்ரவரியில்தான் சேவைக்கு வந்தது. பின்னால் தொடங்கிய ஜப்பானின் ஹோஷோ விமானந்தாங்கி 1922 டிசம்பரிலேயே முடிந்துவிட்டது.

நிலையான எடை 10,850 டன், நீளம் 600 அடி, வேகம் 25 நாட், அதாவது மணிக்கு 46 கிலோமீட்டர். 1924-க்கு இது நல்ல கப்பல். 1942-ல் சிறியது, மெதுவானது, கவசம் குறைந்தது. விமான எதிர்ப்புக்கு இருந்தது சில 4 அங்குல பீரங்கிகளும் சில சிறு துப்பாக்கிகளும்தான். கடைசிப் பழுதுபார்ப்பில் சில ஓர்லிகான் துப்பாக்கிகள் சேர்த்தார்கள். அந்தக் காலை வந்த கூட்டத்துக்கு அதெல்லாம் எம்மாத்திரம்.

தமிழினி:
ஹோஷோ பற்றி ஒரு வரி. ஜப்பானியர்களுக்குக் கப்பல் விமானப்படை நடத்தக் கற்றுக்கொடுத்ததே பிரிட்டிஷார்தான். 1921-ல் செம்பில் தலைமையில் ஒரு பயிற்சிக் குழு ஜப்பான் போனது. ஹோஷோ தளத்தில் முதன்முதலாக விமானத்தை இறக்கியவரும் ஜோர்டன் என்ற ஒரு பிரிட்டிஷ் விமானி, 1923-ல். ஹெர்மிஸ் போன பிறகும் ஹோஷோ போர் முழுக்கத் தப்பிப் பிழைத்தது.

நங்கூரம்:
அப்படியானால் போர் தொடங்கியதிலிருந்து 42 வரை ஹெர்மிஸ் என்ன செய்துகொண்டிருந்தது? சும்மா துறைமுகத்தில் நின்றதா?

கப்பல்பித்தன்:
சும்மா நிற்கவில்லை, ஆனால் பெரிய சண்டைகளுக்கு யாரும் அதைக் கூப்பிடவுமில்லை. 1939 செப்டம்பரில் இங்கிலாந்தின் தென்மேற்கே நீர்மூழ்கி வேட்டை. அதே வேலையில் இருந்த கரேஜியஸ் விமானந்தாங்கியை 17-ஆம் தேதி ஒரு ஜெர்மன் நீர்மூழ்கியே கொன்றுவிட்டது. அதோடு விமானந்தாங்கிகளை அந்த வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். பிறகு மேற்கு ஆப்பிரிக்காவின் டக்கார் பக்கம், பிரெஞ்சுக் கப்பல் ஸ்ட்ராஸ்பூர்குடன் சேர்ந்து கிராஃப் ஸ்பீ என்ற ஜெர்மன் போர்க்கப்பலைத் தேடும் வேலை.

இந்தக் கப்பலின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி 1940 ஜூலை. பிரான்ஸ் சரணடைந்துவிட்டது. டக்கார் துறைமுகத்தில் ரிஷெலியு என்ற புத்தம்புதிய பிரெஞ்சு போர்க்கப்பல் நிற்கிறது. ஜெர்மானியர் கைக்குப் போய்விடக் கூடாது. நேற்றுவரை கூட்டாளி, இன்று இலக்கு. ஹெர்மிஸின் கேப்டன் ரிச்சர்ட் ஆன்ஸ்லோவுக்குத் தற்காலிகமாக ரியர் அட்மிரல் பொறுப்பு கொடுத்து வேலையை ஒப்படைத்தார்கள்.

ஜூலை 8 விடியும் முன் ஹெர்மிஸின் மோட்டார் படகு ஒன்று, கறுப்புப் பெயின்ட் அடித்து, துறைமுகத் தடுப்பைத் தாண்டி உள்ளே நுழைந்தது. ரிஷெலியுவின் பின்புறம், சுழலிகளுக்குக் கீழே, நான்கு ஆழ்கடல் வெடிகளைப் போட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை. அந்த வெடிகள் நீரழுத்தத்தில் வேலை செய்பவை, அங்கே ஆழம் போதவில்லை! விடிந்ததும் ஆறு ஸ்வார்ட்ஃபிஷ் போய் டார்பிடோ போட்டன. ஒன்றுதான் பட்டது. பின்பக்கத்தில் பட்டு ஒரு சுழலித் தண்டைக் கெடுத்து, அவ்வளவு பெரிய கப்பலை அசைய முடியாமல் உட்கார வைத்துவிட்டது. ஒரு டஜன் பழைய விமானங்கள் வைத்திருந்த கப்பலுக்கு இது சின்ன வேலை இல்லை.

இரண்டு நாள் கழித்து இருட்டில், மழையில், கார்ஃபு என்ற ஆயுதம் பொருத்திய வணிகக் கப்பலோடு ஹெர்மிஸ் மோதி முன்பக்கம் நசுங்கியது. தென்னாப்பிரிக்காவில் சைமன்ஸ்டவுனில் மாதக்கணக்கில் பழுதுபார்ப்பு. பிறகு 41-ல் இத்தாலிய சோமாலியா, பாரசீக வளைகுடா, பஸ்ரா. அப்புறம் இந்தியப் பெருங்கடலில் இருந்த பிரிட்டனின் கீழைக் கடற்படை.

வெளிச்சவீடு:
நான் மட்டக்களப்பு. எங்கட பாலமீன்மடு வெளிச்சவீடு 1913-இல் கட்டியது, ஹெர்மிஸ் போன அன்றும் அது அங்கேதான் நின்றது. கப்பல் தாண்டது கரைக்கு அவ்வளவு கிட்ட. நீந்தியே கரையேறியவர்களும் இருந்தார்கள். மற்றவர்களில் பெரும்பாலானோரை வீட்டா என்ற மருத்துவக் கப்பல் தூக்கிக் கொழும்புக்குக் கொண்டுபோனது, அறுநூறு பேர் அளவில். வீட்டா பக்கத்தில் போய்க்கொண்டிருந்தது அவர்கள் அதிர்ஷ்டம். மருத்துவக் கப்பல் என்பதால் ஜப்பானியர் அதைத் தொடவில்லை.

அன்று காலை என்ன நடந்தது என்று கப்பல்பித்தன் அண்ணா ஒழுங்காக எழுதினால் நல்லது. ஊரில் ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள்.

கப்பல்பித்தன்:
சரி. ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானிய அட்மிரல் நகுமோவின் படை கொழும்பைத் தாக்கியது. அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, ஸுய்காகு என ஐந்து பெரிய விமானந்தாங்கிகள். அதே நாளில் டார்செட்ஷயர், கார்ன்வால் என்ற இரண்டு குரூசர்களை நடுக்கடலில் பிடித்து மூழ்கடித்தார்கள், 424 பேர் இறந்தார்கள். பிறகு கிழக்கே போய் மறைந்துவிட்டார்கள்.

8-ஆம் தேதி ஒரு காடலினா ரோந்து விமானம் அவர்களை மறுபடி பார்த்தது. இந்த முறை இலக்கு திருகோணமலை என்று புரிந்தது. இரவோடு இரவாகத் துறைமுகத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். ஹெர்மிஸும் துணைக்கு வாம்பயர் என்ற ஆஸ்திரேலிய நாசகாரியும் கரையை ஒட்டித் தெற்கே கிளம்பின. 9-ஆம் தேதி காலை ஏழரை மணிவாக்கில் திருகோணமலை மேல் குண்டு விழும்போது இவர்கள் பத்திரமாக வெளியே இருந்தார்கள். அதுவரை திட்டம் சரியாகவே நடந்தது.

ஒன்பதுக்குச் சற்று முன் ஹருனா போர்க்கப்பலின் மிதவை விமானம் ஒன்று இவர்களைப் பார்த்துவிட்டது. அது அனுப்பிய செய்தியைப் பிரிட்டிஷாரும் ஒட்டுக்கேட்டார்கள். ஹெர்மிஸுக்கு, திருகோணமலை பக்கம் திரும்பி வா, சண்டை விமானங்களின் பாதுகாப்பு கிடைக்கும் என்று உத்தரவு. நகுமோ தன் பாய்ந்து குண்டுபோடும் விமானங்களைத் துறைமுகத்துக்கு அனுப்பாமல் கையிருப்பில் வைத்திருந்தார், பிரிட்டிஷ் கப்பற்படை தென்பட்டால் தேவைப்படும் என்று. அந்த 85 விமானங்களும் கிளம்பின.

10:35-க்குத் தாக்குதல் தொடங்கியது. 10:55-க்குக் கப்பல் இல்லை. இருபது நிமிடம்.

கப்பலுக்கு முன்பக்கமிருந்து, சூரியனை முதுகில் வைத்துக்கொண்டு, ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து வந்தார்கள். பீரங்கிகளுக்குச் சுட வசதியில்லாத கோணம் அது. உயிர் தப்பியவர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு காட்சி உண்டு. விமானங்களை மேலே ஏற்றும் முன்பக்க லிஃப்ட் தளம் குண்டு பட்டு அப்படியே பெயர்ந்து எழும்பி, தலைகீழாக ஓடுதளத்தின் மேல் விழுந்தது. கப்பல்மேடையும் போனது, ஆன்ஸ்லோவும் போனார். 250 கிலோ குண்டுகள் நாற்பது வரை பட்டிருக்கும் என்பது இரு தரப்புக் கணக்கிலும் ஏறத்தாழ ஒத்துப்போகிறது. அசையும் கப்பல் மீது அந்த விகிதத்தில் குண்டு போடுவது அன்றைக்கு வேறு எந்த நாட்டு விமானிகளுக்கும் கைவராதது.

அடுத்து வாம்பயர். இரண்டாக முறிந்து பத்து நிமிடத்தில் போனது. கப்பலின் தலைவர் மோரன் உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். இதே வாம்பயர்தான் நான்கு மாதம் முன்பு மலாயா கடலில் ரிபல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் மூழ்கியபோது மாலுமிகளைத் தூக்கியது. கொஞ்சத் தூரத்தில் ஹாலிஹாக் என்ற காவல் கப்பல், ஆதெல்ஸ்டேன், பிரிட்டிஷ் சார்ஜென்ட் என்ற எண்ணெய்க் கப்பல்கள், அவையும் அன்றே போயின.

விமானந்தாங்கியிலிருந்து கிளம்பிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்ட முதல் விமானந்தாங்கி ஹெர்மிஸ். அதற்கு முன் போனவற்றில் கரேஜியஸையும் ஆர்க் ராயலையும் நீர்மூழ்கிகள் கொன்றன, குளோரியஸைப் பீரங்கி கொன்றது.

ராயபுரம் ராஜா:
நீங்கள் எழுதியதே என் கட்சிக்குச் சாதகமாக இருக்கிறது. தெற்கே போனவர்களைத் திருப்பிக் கூப்பிட்டது யார்? பாதுகாப்பு வரும் என்றார்களே, எங்கே வந்தது? திருகோணமலையின் சீனன்குடா விமானத்தளம் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர்தான். கால்மணி நேரத்தில் ஹரிகேன் சண்டை விமானங்கள் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

திருமலை வாசி:
சீனன்குடா அன்று காலை எப்படி இருந்தது என்று தெரியாமல் பேசுகிறீர்கள் ராஜா. 261-ஆம் ஸ்குவாட்ரன் ஹரிகேன்கள் ஏழரை மணிக்கே ஸீரோக்களோடு மோதி, எழும்பியதில் ஏறக்குறைய பாதி விழுந்துவிட்டன. ஓடுதளத்தில் குண்டு, கட்டடங்களில் தீ, தொலைபேசிக் கம்பிகள் அறுந்து கிடந்தன. மேல்மட்டத்தில் உத்தரவு போட்டவருக்கும் விமானத் தளத்துக்கும் இடையே பேச வழி இல்லை.

எண்ணெய்க் குதங்கள் இருக்கும் பக்கம் போனால் இன்றும் 91-ஆம் இலக்கத் தாங்கியின் இரும்புத் தகடுகள் உருகி வளைந்து கிடப்பதைப் பார்க்கலாம். மூன்று பேர் இருந்த ஒரு ஜப்பானிய விமானம் அதில் விழுந்து, தீ நாட்கணக்கில் எரிந்தது. 101 தாங்கிகளில் இன்று 99 என்று செய்தியில் அடிக்கடி வருகிறதே, இந்தியா–இலங்கை ஒப்பந்தப் பேச்சில், அதே இடம்தான்.

கப்பல்பித்தன்:
திருமலை வாசி சொல்வதோடு இன்னொன்று. ரத்மலானையிலிருந்து கடற்படையின் ஃபுல்மர் சண்டை விமானங்கள் கிளம்பின. தீவின் மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு. அவை வந்து சேர்ந்தபோது ஹெர்மிஸ் மூழ்கிவிட்டது. எண்ணெய்க் கப்பல்களைத் தாக்கிக்கொண்டிருந்தவர்களோடு மோதி, இரண்டு ஃபுல்மர்களை இழந்தார்கள்.

அதே நேரத்தில் கொழும்பு குதிரைப் பந்தயத் திடலிலிருந்து கிளம்பிய ஒன்பது பிளெனெம் குண்டுவீச்சு விமானங்கள், எந்தத் துணையும் இல்லாமல், நகுமோவின் கப்பல்களையே போய்த் தாக்கின. தலைக்கு மேல் வரும்வரை ஜப்பானியர்கள் கவனிக்கவில்லை. அகாகியின் பக்கத்தில் குண்டு விழுந்தது, படவில்லை. நான்கு பிளெனெம்கள் அங்கேயே போயின. ஐந்தாவது, ஹெர்மிஸை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்த விமானக் கூட்டத்தின் எதிரில் மாட்டிக்கொண்டது. மேலே யாரும் காவல் பார்க்காத அதே கோளாறுதான் இரண்டு மாதம் கழித்து மிட்வே கடற்சண்டையில் அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றையும் கொன்றது. பிளெனெம் விமானிகளைப் பற்றி இந்தக் கதையில் யாரும் பேசுவதில்லை, எனக்கு அது வருத்தம்.

ராயபுரம் ராஜா:
வருத்தம் சரி, கேள்விக்குப் பதில் வரவில்லை. திருப்பிக் கூப்பிடாமல் விட்டிருந்தால்?

கப்பல்பித்தன்:
25 நாட் வேகத்தில் ஒன்றரை மணி நேரம் தெற்கே ஓடினால் எழுபது கிலோமீட்டர். குண்டுவீச்சு விமானத்துக்கு அது கால்மணி நேரப் பயணம். மிதவை விமானம் பார்த்தது ஒன்பதுக்கு. அந்த நிமிடத்துக்குப் பிறகு வடக்கே போனாலும் தெற்கே போனாலும் முடிவு அதுதான். துறைமுகத்திலேயே இருந்திருந்தால் காலை வந்த 91 குண்டுவீச்சு விமானங்களுக்கு முதல் இலக்கு அதுவாகத்தான் இருந்திருக்கும்.

என் கணக்கில் ஹெர்மிஸின் தலைவிதி 9-ஆம் தேதி எழுதப்பட்டதே இல்லை. ஒரு வாரம் பின்னே போங்கள். ஏப்ரல் 1-ஐ ஒட்டி ஜப்பானியர் வருவார்கள் என்று உளவுத் தகவல். கீழைக் கடற்படையின் தலைவர் அட்மிரல் சோமர்வில் முழுப் படையோடு இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். 2-ஆம் தேதி இரவு வரை யாரும் வரவில்லை. தண்ணீரும் எண்ணெயும் தீர்ந்துகொண்டிருந்தன. சரி, வரமாட்டார்கள் என்று மாலத்தீவின் அட்டு பவளத்தீவில் இருந்த ரகசியத் தளத்துக்குப் போய்விட்டார். போகும்போது கப்பல்களை அவரவர் பழைய வேலைக்கு அனுப்பினார். டார்செட்ஷயரும் கார்ன்வாலும் கொழும்புக்கு. மடகாஸ்கர் படையெடுப்புக்குத் தயாராவதற்காக ஹெர்மிஸும் வாம்பயரும் திருகோணமலைக்கு. ஸ்வார்ட்ஃபிஷ்கள் கரையிறங்கியதும் இந்தச் சூழலில்தான்.

4-ஆம் தேதி மாலை பெர்ச்சால் என்ற கனடிய விமானியின் காடலினா நகுமோவைப் பார்த்துவிட்டது. ஜப்பானியர் மூன்று நாள் தாமதமாக வந்திருக்கிறார்கள், அவ்வளவுதான். சோமர்வில் பிரித்து அனுப்பிய அந்த நான்கு கப்பல்களும் ஒரே வாரத்தில் கடலடிக்குப் போயின. கூடவே வைத்திருந்த பெரிய கப்பல் ஒன்றுக்கும் கீறல்கூட இல்லை.

தமிழினி:
சோமர்விலைக் குறை சொல்வதும் சுலபமாக இல்லையா? உளவுத் தகவல் தேதி தப்பினால் அவர் என்ன செய்வார்? முழுப் படையும் நகுமோவிடம் மாட்டியிருந்தால் ஹெர்மிஸோடு இன்னும் இரண்டு விமானந்தாங்கிகள் போயிருக்கும். இந்தியப் பெருங்கடலில் பிரிட்டனுக்கு ஒன்றுமே மிஞ்சியிருக்காது.

கப்பல்பித்தன்:
முழுப் படையை ஒளித்து வைத்தது சரி. பிரித்து அனுப்பியதுதான் தப்பு. வராத எதிரி நாளைக்கும் வரமாட்டான் என்று எடுத்துக்கொண்டார். இதில் நமக்குள் ஒத்துப்போகாது, விடுங்கள்.

நங்கூரம்:
விமானம் இருந்திருந்தால் என்ற கேள்வியைத் தள்ளி வைப்போம் என்றீர்களே, இப்போது எடுக்கலாமா? சண்டை விமானங்களே இருந்திருந்தால்?

கப்பல்பித்தன்:
ஒரு டஜன் சண்டை விமானத்தால் 85 பேரைத் தடுக்க முடியாது. சில குண்டுகள் குறைந்திருக்கும். ஆனால் விமானம் நிறைந்த சிறிய விமானந்தாங்கி எப்படிச் சாகும் என்பதற்கு அமெரிக்காவின் பிரின்ஸ்டன் கதை இருக்கிறது. 1944 அக்டோபர் 24, லெய்ட்டே வளைகுடாச் சண்டை. குரூசராகத் தொடங்கி விமானந்தாங்கியாக மாற்றிய கப்பல். தனியாக வந்த ஒரே ஜப்பானிய விமானம், ஒரே ஒரு குண்டு. அது தளங்களைத் துளைத்துக் கீழே வெடித்தது. கொட்டகையில் நின்ற அவெஞ்சர் விமானங்களில் பெட்ரோலும் டார்பிடோவும். தீ பரவி டார்பிடோக்கள் ஒவ்வொன்றாக வெடித்தன.

மணிக்கணக்கில் அணைத்துப் பார்த்தார்கள். பர்மிங்ஹாம் குரூசர் உரசி நின்று தண்ணீர் பீய்ச்சியது, தளம் முழுக்க ஆட்கள். பிற்பகல் மூன்றரை மணிவாக்கில் பிரின்ஸ்டனின் பின்பக்க ஆயுதக் கிடங்கு வெடித்தது. பிரின்ஸ்டனில் மொத்தம் இறந்தது 108 பேர். காப்பாற்றப் போன பர்மிங்ஹாமில் 200-க்கும் மேல். கடைசியில் சொந்தக் கப்பல்களே டார்பிடோ போட்டு மூழ்கடிக்க வேண்டியதாயிற்று, அதிலும் இர்வின் நாசகாரி விட்ட டார்பிடோக்களில் இரண்டு வளைந்து திரும்பி அதையே நோக்கி வந்தன. ஹெர்மிஸுக்கு நாற்பது குண்டு, பிரின்ஸ்டனுக்கு ஒன்று. காலியான கொட்டகை ஹெர்மிஸுக்கு அந்த இருபது நிமிடத்தையாவது கொடுத்தது என்பேன்.

ராயபுரம் ராஜா:
இருபது நிமிடம் கொடுத்தது என்று சொல்கிற மனம் உங்களுக்குத்தான் வரும். நான் இன்னும் அறுந்த கம்பிமேல்தான் கோபமாக இருக்கிறேன். எதிரி வருகிறான் என்று முந்தின நாளே தெரியும். மாற்றுத் தொடர்பு வைக்காமல் 'திரும்பி வா, பாதுகாப்பு தருகிறோம்' என்று யாரும் சொல்லக் கூடாது.

திருமலை வாசி:
இதில் ராஜாவோடு நான் ஒத்துப்போகிறேன்.

சுழியோடி:
தாமதமாக வருகிறேன். கிழக்கில் சுழியோடுவது என் தொழில், ஆகவே கீழே கிடப்பதைப் பற்றி மட்டும். கப்பல் இடப்பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது. அடித்தளம் 53 மீட்டர், மேலே எழும்பி நிற்கும் பகுதிக்கே நாற்பது மீட்டருக்குமேல் இறங்க வேண்டும். பொழுதுபோக்குச் சுழியோட்டத்தின் எல்லையே நாற்பதுதான். ஆகவே சாதாரணச் சான்றிதழோடு வந்து 'ஹெர்மிஸுக்குக் கூட்டிப்போங்கள்' என்று கேட்காதீர்கள். கீழே நிற்கும் நேரம் நிமிடக் கணக்கு, மேலே வரும்போது கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் நேரம் அதைவிட அதிகம். நீரோட்டம் இழுக்கும் நாளில் அந்தக் கயிறுதான் எல்லாம்.

போனவர்களுக்குத் தெரியும், பீரங்கிகள் இன்னும் அப்படியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. உடம்பெல்லாம் கறுப்புப் பவளம். அருகே போனால் பெரிய களவாய் மீன்கள். உள்ளே நுழைவதில்லை, எதையும் எடுப்பதில்லை. முந்நூறு பேரில் பெரும்பாலானோர் இன்னும் அங்கேதான்.

வெளிச்சவீடு:
புதிதாகக் கற்றவர்களுக்கு எது நல்லது அண்ணா? இந்தியாவிலிருந்து உறவினர் வருகிறார்.

சுழியோடி:
பிரிட்டிஷ் சார்ஜென்ட். அதே நாளில் மூழ்கியதுதான், பனிச்சங்கேணிப் பக்கம், ஆழம் ஹெர்மிஸின் பாதிதான். அனுபவம் கொஞ்சம் இருந்தால் போதும். ஏப்ரலுக்குப் பிறகு, செப்டம்பருக்குள் வரச் சொல்லுங்கள். வாடை தொடங்கிவிட்டால் படகே இறக்கமாட்டோம்.

நங்கூரம்:
எல்லோருக்கும் நன்றி. வாம்பயர் பற்றித் தனி இழை தொடங்குகிறேன், மலாயாவிலிருந்து தொடங்கலாம். கப்பல்பித்தன், அங்கேயும் வந்து சண்டை போடுங்கள்.